ஐந்து நிமிஷ அக்கா

"அக்கா!"

தங்கை போட்ட அலறலில் க்ளினிக்கே அதிர்ந்தது.

கட்டிலில் அக்கா அசையவில்லை. கன்னம் இரண்டும் சிவந்து, வீங்கி... மூச்சு நின்று பத்து நிமிஷம் ஆகியிருந்தது!

இரட்டைப் பிறவிகள். ஐந்து நிமிஷம் முந்திப் பிறந்த ஒரே தகுதியில் ஐம்பது வருஷம் அதிகாரம் பண்ணியவள் அக்கா. இருவரும் சேர்ந்து போட்டோ ஸ்டூடியோ நடத்தினார்கள். போன வருஷம் வயிற்று நோயில் அக்கா இளைத்து, கன்னம் ஒட்டிப் போயிற்று. படம் எடுத்துக்கொள்ள வந்த ஒருத்தி தங்கையிடம், "உங்கம்மாவா?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

அன்றிலிருந்து அக்கா ஸ்டூடியோவின் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை.

அப்புறம்தான் இந்த டாக்டர். வயிற்றுக் கொழுப்பை ஊசியால் உறிஞ்சி, சுத்தம் செய்து, கன்னத்தில் ஏற்றுகிறவர். ஏற்றிய எட்டாம் நாள்... இப்படி!

இன்ஸ்பெக்டர் வந்தார். சடலத்தைச் சோதித்த பெண் போலீஸ் அவர் காதில் ஏதோ சொன்னாள்.

"டாக்டர்! கேஸ் ஷீட்டுல 'நோயாளியின் சொந்தக் கொழுப்பு'ன்னு எழுதியிருக்கீங்க. வயித்துல, இடுப்புல, தொடையில... ஊசி போன தடமே இல்லையே?"

டாக்டர் கேஸ் ஷீட்டுக்குக் கை நீட்டினார்.

"அவ உடம்புல எடுக்க என்ன சார் இருந்துச்சு? எலும்பும் தோலும்தான்!" தங்கை வெடித்தாள். "என்னோடதைத்தான் எடுத்தாங்க. நான்தான் கெஞ்சினேன். இரட்டைன்னா ஒரே உடம்புதானே சார்... நானே அவளைக் கொன்னுட்டேனா?"

சுவரில் சாய்ந்து அழுதாள்.

இன்ஸ்பெக்டர் மேஜை டிராயரை இழுத்தார். ஒரு கவர்!

"ரெண்டு பேர் ரத்தத்தையும் டி.என்.ஏ. டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கீங்க. ஆபரேஷனுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ரிசல்ட் வந்தாச்சு. பொருந்தலை!"

"பொருந்திடுச்சுன்னு சொன்னீங்களே, டாக்டர்!"

"ரெண்டு பேரும் அப்படி அழுதீங்க... கொஞ்சம்தானே, உடம்பு ஏத்துக்கும்னு நினைச்சேன்..."

"ஏத்துக்கலை. சீழ் பிடிச்சு ரத்தத்துல கலந்துடுச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க." இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். "நீங்க கொல்லலைம்மா. இவர்தான்."

சற்றுத் தயங்கினார்.

"இன்னொண்ணும் இருக்கும்மா... நீங்க இரட்டையே இல்லை. கூடப் பிறந்தவங்களும் இல்லை. ரத்த சம்பந்தமே கிடையாதுன்னு போட்டிருக்கு."

தங்கை திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

அம்மா பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். "நீங்க பொறந்த அன்னிக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி பிரசவத்துல செத்துட்டா" என்று சொல்லும்போதெல்லாம் அம்மா ஏன் அப்படி அழுதாள் என்று இப்போது புரிந்தது.

"அந்தக் குழந்தை... அவளா சார்? நானா?"

"அது இதுல இல்லைம்மா."

அவர் நீட்டிய பேப்பரைத் தங்கை வாங்கவில்லை. அக்காவின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள். கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

"தப்பா எழுதியிருக்காங்க சார். சொந்தம் இல்லாதவங்க யாராவது அம்பது வருஷம் விடாம சண்டை போடுவாங்களா?"