துவாரத்தில் திணித்த காலுறை

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் கால்வாய் கரைக்குக் கரை உறைந்து கிடந்தது. மேவிஸும் பெர்சியும் குடியிருந்த படகு ஆணி அடித்தாற்போல் நின்றது. அப்படியிருந்தும் அந்தச் சாயங்காலம், யாரோ பின்தளத்தில் கால் வைத்து ஏறினாற்போல் அது மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. கொக்கியில் தொங்கிய கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்து ஓய்ந்தன.

கணப்படுப்பைக் கிளறிக்கொண்டிருந்த மேவிஸ் நிமிர்ந்தாள். எதிரே அவள் கணவன் பெர்சி பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தான்.

"யாரோ ஏறுனாப்புல இல்ல?"

"இந்தக் குளிர்ல நம்மளத் தேடி யாரு வரப்போறா?" என்று மேலே பார்த்தவன் முகம் மாறியது. கூரையின் காற்றுத் துவாரங்கள் எல்லாவற்றிலும் காலுறைகள். "அடிப்பாவி, அதுவும் என் காலுறையா? மூச்சுவிட வச்ச ஓட்டை அது. அடுப்புப் புகையில தூக்கத்துலயே போய்ச் சேரணும்னு ஆசையா?"

"குளிரு எலும்புல ஏறுது பெர்சி. நீ முதல்ல கரியைக் கொண்டா, எடுத்துடுறேன்."

கூரைமேல் கிடந்த கரி மூட்டையை எடுக்க அவன் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனான். அவள் காலுறைகளை எடுக்கவில்லை. இந்தச் சூட்டை விட மனசு வரவில்லை.

தலைக்குமேல் தகரம் அதிர்ந்தது. காலடிகள், ஈரத்துணியை அறைந்தாற்போல ஒவ்வொன்றாக, மூட்டையைத் தாண்டி, படுக்கையைத் தாண்டி, புகைபோக்கி வரைக்கும் நடந்து நின்றன. சேற்று நாற்றம் கசிந்தது. அடுப்பிலிருந்து புகை வெளியே போகாமல் அறைக்குள் திரும்பியது.

"பெர்சி! புகைபோக்கியை ஏன் அடைக்கிற?"

"மேவிஸ்!" குரல் மேலேயிருந்து வரவில்லை. கரையிலிருந்து வந்தது. "நான் வழுக்கி விழுந்துட்டேன். காலு போச்சு, எழுந்திரிக்க முடியல. கூரையில யாரது?"

அவள் கை கதவுத் தாழில்.

"திறக்காத! கதவுப் பக்கமே குனிஞ்சு பாக்குது!"

சுவரிலிருந்த புகை அபாய மணி அலறியது. கண் எரிந்தது. திறந்தால் அது. திறக்காவிட்டால் புகை.

தடுமாறிக் கட்டிலில் ஏறினாள். ஒரு காலுறையைப் பிடுங்கினாள். துவாரத்தில் வாயை வைக்கப் போனாள்.

அந்தப் பக்கம், ஏற்கெனவே, ஒரு வாய் இருந்தது.

உறிஞ்சியது.

அறைப் புகையெல்லாம் திரண்டு மேலே ஏறியது. மணி ஓய்ந்தது. ஒரு கணம் அவளுக்கு நிம்மதிகூட வந்தது, பாவம். பிறகு சூடு போகத் தொடங்கியது. அடுப்புக் கதவின் கண்ணாடிக்குள் கங்கு கறுத்தது. கெட்டிலின் கொதி அடங்கியது. சன்னல்களின் உள்பக்கம் பனி பூத்தது. போர்வை விறைத்தது.

"மேவிஸ்! ஏதாவது பேசு!"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வெள்ளையாய் வெளிவந்த மூச்சு கலையவில்லை. இழையாக நீண்டு துவாரத்துக்குள் போனது.

போய்க்கொண்டே இருந்தது.