வாய் கட்டும் மருந்து

அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஐஸ்காரர் அழுதுகொண்டிருந்தார். அழுகிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. தோளிலிருந்த தெர்மாகோல் பெட்டியைக் குழந்தையைக் கிடத்துவதுபோல மேஜைமேல் இறக்கினார்.

"என் பொண்டாட்டிக்குக் குடுத்தது பொய் மருந்தும்மா. யாரு மாத்தினாங்கன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

அக்கா மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவள். அவள் வருகிறாள் என்றால் போலி மருந்துக்காரர்கள் கடையைச் சாத்திவிட்டு ஓடிய காலம் உண்டு. கூடவே நிற்கும் தம்பி வேன் ஓட்டுகிறவன். கட்டிய மனைவி பத்து முறை கூப்பிட்டாலும் அசையாதவன், அக்காவுக்கு ஒரு வழக்கு வந்துவிட்டால் அன்றைக்குச் சவாரியை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவான்.

"முதல்ல உக்காருங்க. என்ன மருந்து அது?"

"அவளுக்கு வயித்துல கட்டிம்மா. கீமோ ஏத்தினா கேக்கல. டாக்டர் சொன்னாரு, கட்டிக்குள்ள ஒரு மரபணு இருக்காம். அது சொல்றபடி, உள்ள வர்ற மருந்தையெல்லாம் கட்டி வெளிய இறைச்சுக் கொட்டிடுதாம். புது மருந்து முதல்ல போய் அந்த மரபணுவோட வாயைக் கட்டிடுமாம். அப்புறம் கீமோ ஏத்தினா, இறைக்க ஆளில்லாம கட்டி சுருங்குமாம். சோதனைக்குன்னு நாலு பொம்பளைங்களைச் சேர்த்தாங்க. மூணு பேருக்குச் சுருங்கிடுச்சு. இவளுக்கு மட்டும் வளந்துகிட்டே போகுது."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"சில உடம்பு கேக்காதுங்கறாரு. நான் நம்பல. மருந்துலதான் குறைன்னு நிரூபிச்சா, இன்னொரு தடவை போடுவாங்கல்ல? அதுக்குத்தான் ஓடி வந்தேன்."

மருந்து ஸ்டோர் ஒரு கட்டடத்தில், வார்டு இன்னொரு கட்டடத்தில். நோயாளியின் வீட்டார்தான் மருந்தை வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஸ்டோர்காரனுக்குச் சாவிக்கொத்து என்று பெயர். இடுப்பில் அது எப்போதும் கலகலத்துக்கொண்டிருக்கும்.

"எரிஞ்சு விழுவாம்மா அவன். 'குளிர்ச்சி போனா மருந்து போச்சு, ஓடு ஓடு'ம்பான். ஆனா அவன் குடுக்கற பெட்டியில ஐஸ் பை தொளதொளன்னு கிடக்கும். நான் ஐஸ் கம்பெனியில பாரம் தூக்கறவன். நடுக்கடலுக்குப் போற படகுக்கே கெடாம கட்டிக் குடுக்கற கை இது. மூணு தடவை மருந்து ஏத்தினாங்க, மூணு தடவையும் என் பெட்டியிலதான் கொண்டு போனேன். வார்டுல கூப்பிட ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் மடியிலேயே வெச்சிருந்தேன். வெயில்கூடப் பாக்கல அந்த மருந்து."

பெட்டிக்குள் கடைசி முறை ஏற்றிய காலிக் குப்பி இருந்தது. நர்ஸிடம் கெஞ்சி வாங்கி வைத்திருந்தார். அக்கா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அடியில் ரவைபோல ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது. பெட்டியின் மூலைகளில் வேறேதோ வெள்ளையாகப் பூத்திருந்தது. அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி நாக்கு நுனியில் வைத்தாள்.

"அக்கா! விஷமா இருந்தா என்ன பண்ணுவே?" என்று பதறினான் தம்பி.

"விஷமில்லடா," என்றாள். அதன்பிறகு ஐஸ்காரரின் முகத்தை அவள் நேராகப் பார்க்கவில்லை. தம்பிக்கு அது அப்போது உறைக்கவில்லை.

அவன் மனத்தில் குற்றவாளி ஏற்கெனவே தயார். ஆஸ்பத்திரி வாசலில் சாவிக்கொத்தின் புது பைக் பளபளத்துக்கொண்டு நின்றது.

"சம்பளத்துல வாங்கினதா இது?" என்று மடக்கினான்.

"மச்சினன் வாங்கிக் குடுத்தான். தவணை மட்டும் நான் கட்டறேன். அவனை வேணா பிடிச்சுக்கிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்."

வார்டு நர்ஸிடம் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இவரு கொண்டுவந்த குப்பியில ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"எல்லாருதும் பால் மாதிரிதான் இருக்கும், இதுவும் அப்படித்தான். ஆனா இவரு பெட்டியில கை விட்டா விரல் குப்பியோட ஒட்டிக்கும். அப்படி ஒரு சில்லிப்பு! கொஞ்ச நேரம் மேஜையில வெச்சு, நல்லா குலுக்கிட்டுத்தான் ஏத்துவேன்."

திரும்பும் வழியெல்லாம் தம்பி சாவிக்கொத்தைக் கூண்டில் ஏற்றிக்கொண்டே வந்தான். வீட்டில் அக்காவுக்குப் போட்ட சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் ஸ்டோர் அறையில் எல்லாரும் கூடினார்கள். டாக்டர், நர்ஸ், சாவிக்கொத்து, ஐஸ்காரர். சோதனைக்கு உதவாத, தேதி முடிந்த குப்பிகள் இரண்டை டாக்டர் கொண்டுவந்திருந்தார். அக்கா ஒன்றை ஸ்டோர்ப் பெட்டியில் வைத்து மூடினாள். மற்றதை ஐஸ்காரரிடம் நீட்டினாள்.

"அன்னிக்கு எப்படிக் கட்டினீங்களோ, அதே மாதிரி கட்டுங்க."

அவர் சந்தோஷமாகக் கட்டினார். தொழில் தெரிந்த கை. ஐஸை நொறுக்கிப் பரப்பினார். கூடவே கொண்டுவந்த பையிலிருந்து கல் உப்பை இரண்டு கை அள்ளித் தூவினார். குப்பியை நடுவில் புதைத்து, மேலே மறுபடியும் ஐஸ், மறுபடியும் உப்பு, அதன்மேல் சாக்கு.

"உப்பு எதுக்கு?" என்றார் டாக்டர். அவர் குரல் மாறியிருந்தது.

"வெறும் ஐஸ் வழியிலேயே வேலையைக் காட்டிடும் சார். உப்பு போட்டாத்தான் குளிர் ஏறும். மீனு கல்லு மாதிரி கிடக்கும்."

ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். அக்கா இரண்டு பெட்டிகளையும் திறந்தாள். ஸ்டோர்ப் பெட்டியின் குப்பியில் மருந்து பால்போல ஓடியது. ஐஸ்காரரின் குப்பியைத் தலைகீழாகப் பிடித்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"மருந்தை யாரும் மாத்தல. பெட்டி மூலையில பூத்திருந்தது உப்பு. விரல் ஒட்டிக்கிச்சுன்னு நர்ஸ் சொன்னாங்க. குளிர்ந்த குப்பியில விரல் ஒட்டாது, உறைஞ்ச குப்பியிலதான் ஒட்டும். மிச்சத்தை டாக்டர்தான் சொல்லணும்."

டாக்டர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "மருந்து ரொம்பச் சின்னக் கொழுப்புத் துளிகளுக்குள்ள இருக்கு. அந்தத் துளிதான் அதைக் கட்டிவரைக்கும் பத்திரமா கொண்டு சேர்க்கும். உறைஞ்சா துளி உடைஞ்சிடும். அப்புறம் ஏத்தறதும் ஒண்ணுதான், ஏத்தாததும் ஒண்ணுதான்."

அக்காவின் கையில் குப்பி இளகத் தொடங்கியிருந்தது. திரிந்த பால்போலத் துகள்கள் மெல்ல அடியில் இறங்கின. காலிக் குப்பியில் ஒட்டியிருந்த அதே ரவை. ஐஸ்காரர் அதைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"மூணு தடவையும்," என்றார்.

தம்பிக்கு அந்த அறையை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

"சரி, நான்தான் கெடுத்தேன். ஒத்துக்கறேன். மருந்து அவளுக்குள்ள போகவே இல்லைன்னு ஆயிடுச்சுல்ல? இப்பப் போடுங்க சார். நான் தொடக்கூட மாட்டேன்."

"அப்பவே தெரிஞ்சிருந்தா போட்டிருப்பேன்," என்றார் டாக்டர். "இப்ப ஈரல் வரைக்கும் பரவிடுச்சு. ரத்தத்துலயும் தெம்பு இல்ல. கீமோவை உடம்பு தாங்காது."

ஐஸ்காரர் மெதுவாக எழுந்தார். "துப்புத் துலக்க ஆள் வெச்சிருக்கேன்னு அவகிட்ட பெருமையா சொல்லிட்டு வந்தேன். மருந்தைக் கெடுத்தது யாருன்னு கேப்பா."

"என் பேரைச் சொல்லுங்க," என்றான் சாவிக்கொத்து. எல்லாரும் திரும்பினார்கள். "குளிர்ச்சி போகக் கூடாதுன்னு கத்தினேனே தவிர, உறையக் கூடாதுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லல. பாதிப் பழி எனக்குச் சேர வேண்டியதுதான். மீதியையும் வாங்கிக்கறேன். நானே வந்து சொல்றேன்."

அக்கா தடுப்பாள் என்று தம்பி எதிர்பார்த்தான். பொய் சொன்னவர்களைப் பிடிப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்தவள் அவள். அவள் தடுக்கவில்லை.

வார்டுக் கதவுக்கு வெளியே அக்காவும் தம்பியும் ஐஸ்காரரும் நின்றார்கள். சாவிக்கொத்து மட்டும் உள்ளே போனான். சாவிகள் சத்தம் போடாமலிருக்க இடுப்பைக் கையால் பொத்திக்கொண்டான். அவன் சொன்னது வெளியே கேட்கவில்லை. அந்த அம்மாளின் குரல் கேட்டது.

"நீயா? அடப்பாவி... ஏன்டா இப்படி அழுவறே, சாகப்போறது நானா நீயா?" கொஞ்ச நேரம் இருமல். "போ. மன்னிச்சாச்சு. வேணும்னேவா பண்ணியிருப்பே? எங்க வீட்டுக்காரரு முரடு, உன்மேல கையை வைப்பாரு. வைக்கக் கூடாதுன்னு நான் சொன்னேன்னு சொல்லு. எங்க அவரு? வரச் சொல்லு."

ஐஸ்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கூப்பிடறாங்க, போங்க," என்றாள் அக்கா.

"அவனை மன்னிச்சிட்டா," என்றார் அவர். "நான் என்னன்னும்மா உள்ள போறது?"

அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து மறுபடியும் குரல் வந்தது.