தொப்பைக் குடுவையும் ஒல்லிக் குடுவையும்

ருண்டியின் கால்பந்துக் குழுவில் ஒரே ரகளை. பந்து கிம்பாங்குடையது, கோல் காப்பவன் ஜோமின். இருவருக்கும் பேச்சே இல்லை. நாளைக்கோ பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஆட்டம்!

காரணம், பூச்சி தின்னும் குடுவைச் செடி.

"உருவத்தைப் பார்த்துச் செடிகளை வகை பிரிப்பாங்க. புது வகைக்குக் கண்டுபிடிச்சவங்க பேரைக்கூட வைப்பாங்க" என்று மார்சியா டீச்சர் சொல்லியிருந்தார். அவ்வளவுதான்! பள்ளிக்குப் பின்னால், மலைச்சரிவில் தரையோடு உட்கார்ந்திருந்த தொப்பைக் குடுவைக்குக் கிம்பாங் 'கிம்பாங்கியா' என்று பெயர் வைத்தான். அங்கேயே மரத்தில் தொங்கிய ஒல்லிக் குடுவைக்கு ஜோமின் 'ஜோமினியா' என்று பெயர் வைத்தான்.

"உன்னோடது புடலங்காய்டா!"

"உன்னோடது சோத்துப் பானை!"

குழுத் தலைவி ருண்டி தனியாகச் சரிவுக்குப் போனாள். தொப்பைக் குடுவை எந்தக் கொடியில் இருக்கிறது என்று பார்த்தாள். கொடி பெரணிப் புதருக்குள் நுழைந்தது, மரத்தில் ஏறியது, ஒல்லிக் குடுவையில் போய் முடிந்தது.

ருண்டிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. 'வகுப்பில் சொன்னால் எல்லாரும் இவனுங்களைக் கிண்டல் பண்ணுவாங்களே' என்று நினைத்தவள், அந்த இருவரை மட்டும் அழைத்து வந்தாள்.

"கிம்பாங், உன் கொடியைத் தடவிக்கிட்டே மேல போ. ஜோமின், நீ உன் கொடியைப் பிடிச்சுக் கீழ வா. பிய்ச்சிடாதீங்க!"

இருவரும் கொடியையே பார்த்துக்கொண்டு நகர்ந்தார்கள். பெரணிக்குள் 'டமார்' என்று மண்டைகள் மோதின.

"என் செடியை விடுடா!"

"இது என் செடிடா!"

இரண்டு கைகளும் ஒரே கொடியில் இருந்தன. இருவரும் கொடியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அப்போ... ஒரே செடியா?" என்றான் ஜோமின். கிம்பாங் வீங்கிய நெற்றியைத் தேய்த்துக்கொண்டே 'கெக்கெக்கே' என்று சிரித்தான். ஜோமினாலும் அடக்க முடியவில்லை.

சத்தம் கேட்டு டீச்சர் ஓடி வந்தார். நடந்ததைக் கேட்டதும் அவரும் சிரித்துவிட்டார். "பெரிய பெரிய செடி ஆராய்ச்சிக்காரங்களே இப்படி ஏமாந்திருக்காங்கப்பா! இந்தக் கொடி தரையில இருக்கும்போது தொப்பைக் குடுவை விடும். மரத்துல ஏறினதும் ஒல்லிக் குடுவை விடும்."

கிம்பாங் தன் தொப்பை வயிற்றைத் தடவிப் பார்த்தான். அடுத்த நொடி ஓடிப்போய்ப் பக்கத்து மரத்தைக் கட்டிக்கொண்டான்.

"டேய் ஜோமின், பின்னாலேருந்து கொஞ்சம் தூக்கி விடுடா!"