தோழர் சுட்ட கரடிகள்

"டுமீல்!"

தனாசே சருகுகளின் மேல் குப்புற விழுந்தான். அப்புறம் அசையவே இல்லை!

ஒரு மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஸ்மராண்டா கான்ஸ்டபிளோடு வந்து அவனைப் புரட்டினாள். நெஞ்சில் ஒரே ஓட்டை. இந்த மலைக்காடு கிராமத்துக்கே சொந்தம் என்று போன வாரம்தான் கேஸ் ஜெயித்திருந்தான்.

"நான்தான் மேடம் சுட்டேன்... கரடின்னு நெனச்சுட்டேன்."

வேட்டைக் காவலாளி இலாரியன் கைவிலங்குக்காக இரண்டு கைகளையும் நீட்டினான். மனப்பாடம் ஒப்பிக்கிற குரல்!

"கரடி எப்பலேருந்து சிவப்பு ஸ்வெட்டர் போட ஆரம்பிச்சுது?"

பதில் வேட்டை விருந்து வைத்த விர்ஜில் ஓப்ரியாவிடமிருந்து வந்தது.

"அவனுக்கு வயசாயிடுச்சும்மா, கண்ணு மங்கல். சட்டுபுட்டுனு எழுதிக்கிட்டுக் கெளம்பு. விருந்தாளிங்க இருக்காங்க."

விருந்தாளிகள்! அமைச்சகத்து ஆசாமிகள் இரண்டு பேர். பிணத்துக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பன்றிக்கறியைக் கடித்துக்கொண்டு, பிளம் சாராயத்தை ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஓப்ரியாவின் ஜாதகம் ருமேனியாவில் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியில் மாவட்டச் செயலாளர். காடு மக்கள் சொத்து. சாவி மட்டும் தோழரிடம்! ஆட்சி கவிழ்ந்தது. காட்டை ஏலம் விட்ட கமிட்டிக்குத் தலைவர்... அதே ஓப்ரியா! ஏலம் எடுத்தவன் அவர் மச்சினன். இப்போது ஓப்ரியா எம்.பி. சித்தாந்தம்தான் செத்தது, ஆசாமி சாகவில்லை. வல்லான் வகுத்ததே வாய்க்கால்!

இலாரியனை மரத்துக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"எதுக்குப் பெரியவரே பழிய ஏத்துக்கறீங்க? ஜெயில்லயே செத்துருவீங்க!"

"என் மக அவரு மரமில்லுல வேலை. குடியிருக்கற வீடு அவருது. மாட்டேன்னா நாளைக்கே தெருவுதான்..."

"அவரு பங்களா பூரா கரடித் தோல் தொங்குதே... எல்லாம் அவரு சுட்டதா?"

கிழவன் காறித் துப்பினான்.

"அவரா? ஒரு முயலக்கூட அடிச்சதில்ல! தோழர் சுடறப்ப புதர்லேருந்து நானும் சுடணும். கரடி விழும். எல்லாரும் கை தட்டுவாங்க. பதக்கம் அவருக்கு. ஊருக்கே தெரியும், எவனும் மூச்சு விட மாட்டான்!"

"அப்போ குண்டு உங்களுது, பேரு அவருது. இன்னிக்கு?"

"இன்னிக்கு நான் சுடவே இல்ல மேடம். அவருதான் சுட்டு முடிச்சுட்டுத் துப்பாக்கிய என் கையில திணிச்சாரு. ஆனா இத வெளியில சொல்ல மாட்டேன். கால்ல விழறேன், விட்டுடுங்க!"

துப்பாக்கியில் கிழவனின் கைரேகை. சாட்சிகளோ சாராயத்தில்! நிரபராதி ஒருவன் கண்ணெதிரே ஜெயிலுக்குப் போகப் போகிறான்...

ஸ்மராண்டா யோசித்தாள். பிறகு குரல் கொடுத்தாள்.

"கான்ஸ்டபிள்! வாக்குமூலத்த வீடியோ எடுங்க!"

எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"எங்கேருந்து சுட்டீங்க பெரியவரே?"

"அ... அந்தப் பாறையிலேருந்து."

"அடேங்கப்பா! அங்கேருந்தா? இத்தனை மரத்துக்கு நடுவுல, ஒரே குண்டு, நேரா நெஞ்சு! இந்த மாவட்டத்துல வேற எவனுக்கு வரும் இந்தக் குறி?"

ஓப்ரியாவின் காது சிவந்தது.

"அப்படி ஒண்ணும் பிரமாதமில்ல!"

"உங்களுக்கெப்படி சார் தெரியும்? நீங்க முயலக்கூட அடிச்சதில்லையாமே!"

ஒரு விருந்தாளிக்குச் சிரிப்பு பீறிட்டது. இன்னொருவன் போதையில் கை தட்டினான்.

"பெரியவருக்கு ஒரு கிளாஸ் ஊத்துங்கப்பா! வேட்டைக்காரன்னா இவன்தான்யா!"

"நிறுத்துங்கடா!"

ஓப்ரியா பாய்ந்து வந்தார்.

"இவனா? இவன் பாறைக்குப் பின்னால நடுங்கிக்கிட்டு உக்காந்திருந்தான்! சுட்டது நான்டா! மூச்சப் பிடிச்சு, ஒரே குண்டுல... நான்!"

கை தட்டல் நின்றது.

ஓப்ரியாவின் பார்வை மெல்ல கான்ஸ்டபிளின் செல்போனுக்குப் போனது... முகம் வெளுத்தது!

"அ... அழி அத! மந்திரிக்குப் போன் போட்டேன்னா உன் தொப்பி பறந்துடும்!"

கான்ஸ்டபிள் இருமினான்.

"மன்னிச்சுக்கணும் மேடம்... கை தவறி எங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போயிடுச்சு!"

விருந்தாளிகள் கறியைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு கார் தேடி ஓடினார்கள். நேற்றுவரை காலை நக்கியவர்கள், ஒருவனாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே!

ஸ்மராண்டா ஓப்ரியாவின் கைகளில் விலங்கை மாட்டினாள்.

"வாழ்த்துகள் சார்! ஆயுசுல முதல் தடவையா சொந்த உழைப்புல ஒண்ணு சம்பாதிச்சிருக்கீங்க. எந்த ஆட்சி வந்தாலும் இதுல யாரும் பங்கு கேக்க மாட்டாங்க!"