நாற்பத்தைந்து அடி

மதியம் மூன்று மணிக்கு மகள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "அப்பா, ஒண்ணு கேக்கணும். பொய் சொல்லக் கூடாது" என்றாள்.

அவள் அம்மா போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவள் இந்த வீட்டுப் படியேறியது அன்றோடு மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் கேட்டது ஒரே கேள்விதான்: அம்மா கடைசியாக உங்களிடம் என்ன சொன்னாள்? ஆஸ்பத்திரி அறையில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன். மகள் தண்ணீர் பாட்டில் வாங்கக் கீழே போயிருந்தாள். நான் எதையோ மறைக்கிறேன் என்று அவளுக்குக் கோபம். மறைப்பதற்கு என்னிடம் ஏதாவது இருந்தால்தானே!

ஆனால் அன்றைக்கு வேறு கேள்வியோடு வந்திருந்தாள்.

"அம்மா ஆஸ்பத்திரில ஒரு படத்தைப் பத்தியே சொல்லிக்கிட்டு இருந்தாங்கல்ல? மாடிப்படியில ஒரு பொண்ணு குடையோட இறங்குவா, பாதியில நின்னு திரும்பிப் பாத்து ஏதோ சொல்வான்னு. கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க ஊர்ல பாத்தாங்களாம்."

"அவளுக்கு அப்ப ஞாபகமே சரியா இல்லம்மா."

"இருந்திச்சு. நான் தேடிட்டேன்." போனை எடுத்தாள். "பாதி ஞாபகத்துல இருக்கற படம், பாட்டு எல்லாம் கண்டுபிடிக்கறதுக்குன்னே ஒரு குழு இருக்குப்பா. அஞ்சு பேரு அந்தக் காட்சியைப் பாத்தேன்னு சத்தியம் பண்றாங்க. 'மழை விட்டதும் வந்துடுறேன்'னு சொல்வாளாம். ஆனா உலகத்துல மிச்சம் இருக்கறது ஒரே ஒரு காப்பி. அதுல அந்தக் காட்சி இல்ல."

என் வாய் முந்திக்கொண்டது. "அப்படி ஒரு சீனே இல்லம்மா."

சொன்னதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், இதே தொனியில், இதே வார்த்தைகளை ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

அறைக்குள் லேசாக வாசனை வந்தது. பிலிம் ஒட்டும் சிமெண்டின் வாசனை. நகப்பூச்சு போலத் தித்திப்பாக, மூக்கைக் குத்தும்.

மகள் ஒரு போட்டோவை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அந்தக் காப்பியோட ஒன்பதாவது ரீல்ல ஒட்டுப் போட்ட இடம். ஓரத்துல மூணு புள்ளி. என் டிபன் பாக்ஸ்ல, ஜாமெட்ரி பாக்ஸ்ல எல்லாம் யாருப்பா ஆணியால மூணு புள்ளி குத்தித் தந்தது?"

அதற்கு மேல் என்ன மழுப்ப?

தியேட்டர் கேபினுக்குள் நான்தான் ராஜா. முப்பத்திரண்டு வருஷம் ஆபரேட்டர். கடைசி பஸ் போய்விடும் என்றால் படத்தில் ஆறு நிமிடம் குறைப்பேன். ஒரு பாட்டு, கொஞ்சம் காமெடி, அங்கங்கே யாராவது வந்துபோகும் துண்டுகள். வெட்டினால் எல்லா ஷோவுக்கும் வெட்டினதுதான். ஊரெல்லாம் ஓடித் தேய்ந்த படத்தில் இதை யார் கவனிக்கப்போகிறார்கள்? திருப்பி அனுப்பும்போது ஒட்டிக் கொடுத்துவிடுவேன். அந்தக் குடைக்காரியின் துண்டு நாற்பத்தைந்து அடி. ஓட்டினால் அரை நிமிடம்.

அவளுக்கு மொத்தப் படத்திலும் இருந்தது அந்த அரை நிமிடம்தான்.

ஒரு மேட்னி முடிந்ததும் அவள் கேபின் வாசலில் வந்து நின்றாள். கல்யாணத்துக்கு முன்பு பதினைந்து நாள் படப்பிடிப்புக்குப் போனாளாம். அந்தப் பதினைந்து நாள் எங்கே, எவனோடு இருந்தாய் என்று புருஷன் வீட்டில் தினமும் நச்சரிப்பு. படம் இந்த ஊருக்கு வரட்டும், காட்டுகிறேன் என்று சொல்லி மாமியார், நாத்தனார், புருஷன் எல்லாரையும் அழைத்து வந்திருக்கிறாள்.

"அண்ணே, என் சீன் எங்கண்ணே?"

துண்டு என் பின்னால், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்படி ஒரு சீனே இல்லம்மா."

"கீழ வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. வெட்டிட்டோம்னு மட்டும் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

முதலாளி காதுக்குப் போனால் வேலை போய்விடும். நான் கதவைச் சாத்தினேன். மூன்றாம் நாள் அவளை ரயில் தண்டவாளத்திலிருந்து எடுத்தார்கள். மற்ற துண்டுகளை ஒட்டி அனுப்பினேன். அதைத் தொடக் கை வரவில்லை. பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன்.

நான்கு மாதம் கழித்து என் மகள் பிறந்தாள். நர்ஸ் துணியில் சுற்றிக் குழந்தையை நீட்டினாள்.

டக்.

பிலிம் வெட்டும் சத்தம். சிமெண்ட் வாசனை. அடுத்த கணம் நர்ஸ் வராந்தாவின் கடைசியில் போய்க்கொண்டிருந்தாள், குழந்தை என் கையில் இருந்தது. முதன்முதலாக அவள் முகத்தை நான் பார்த்த நேரம் என்னிடம் இல்லை. மயக்கம் என்றார் டாக்டர். அவள் முதல் அடி எடுத்து வைத்தபோது. பரிசு வாங்க மேடை ஏறியபோது. எதற்காக ஆசையாகக் காத்திருந்தேனோ, சரியாக அந்த அரை நிமிடம். கடைசியில், மனைவி என் கையைப் பிடித்து, வாயைத் திறந்தபோது.

இதையெல்லாம் மகளிடம் சொல்லி முடித்தேன். அவள் நம்பினாளா தெரியாது. "டின் எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பரண்மேல் இருந்தது. போட்ட நாளிலிருந்து நான் திறக்கவில்லை. துரு பிடித்த மூடியை அவள்தான் நெம்பினாள்.

நான் போட்டது ஒரு சுருள்.

உள்ளே பதினொன்று இருந்தன.

ஒவ்வொன்றின் முனையிலும் மூன்று புள்ளி.

மகள் ஒரு சுருளைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நான் பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். குனிந்து பார்த்தவளின் உதடு வெளுத்தது.

"அம்மா" என்றாள்.

நானும் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டில். என் மனைவி. சின்னச் சின்னக் கட்டங்களில் அவள் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடுகிறது. அவள் கையை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில், மடக்கிய குடையோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

"ஓரத்துல சவுண்ட் கோடு இருக்குப்பா!" மகள் அழுதாள், சிரித்தாள். "குழுவுல ஒருத்தர்கிட்ட மெஷின் இருக்கு. அம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டுடலாம்." என் தோளைத் தொட்டாள். "நீங்க மறைக்கலதான். நான்தான் உங்களை..."

பத்து மாதமாக நான் காத்திருந்த பேச்சு அது. என் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு குனிந்தபோதுதான் டின்னில் மேலாகக் கிடந்த சுருளைப் பார்த்தேன். சிமெண்ட் இன்னும் காயவில்லை.

வெளிச்சத்தில் பிடித்தேன்.

இந்த அறை. இந்த ஜன்னல். மகள், இப்போது கட்டியிருக்கும் அதே நீலப் புடவையில், யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள்.

எதிரில், நான் நிற்க வேண்டிய இடத்தில், குடைக்காரி.

"வேண்டாம் தாயே" என்றேன். "என்னை மன்னிச்சிடு, இத மட்டும்..."

டக்.

மகள் வாசலில் இருந்தாள். செருப்பில் கால் நுழையாமல் தடுமாறினாள். முகமெல்லாம் கண்ணீர், ஆனால் இது வேறு கண்ணீர்.

"இத சொல்றதுக்கா இத்தனை நாள் வாய மூடிட்டு இருந்தீங்க? அம்மாவப் பத்தி, செத்துப்போன மனுஷியப் பத்தி, எப்படிப்பா நாக்கு வந்துச்சு?"

"நான் என்னம்மா சொன்னேன்?"

"அத வேற இன்னொரு தடவ கேக்கணுமா?"

"அது நான் இல்லம்மா! அவதான்... சத்தியமா நான் எதுவும் சொல்லல!"

"என் கண்ணு முன்னாடி நின்னு சொன்னீங்க." செருப்பை மாட்டிக்கொண்டாள். "நான் ரெண்டு காதாலயும் கேட்டேன்."

படிகளில் அவள் இறங்கும் சத்தம் தேய்ந்து போனது. ஓடி உள்ளே வந்தேன். அந்தச் சுருள்கள் இருந்தால் போதும், என் பேச்சுக்குச் சாட்சி அவைதான். டின்னைக் கவிழ்த்தேன்.

ஒரே ஒரு சுருள் விழுந்தது. பழையது, நான் போட்டது. எழுநூற்று இருபது கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மாடிப்படி இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்து ஓய்கிறது. படியில் யாருமே இல்லை.

அதன் பிறகு மகளை எத்தனை முறை அழைத்தேன் என்று கணக்கில்லை. அவள் எடுக்கவில்லை. பதினாறாம் நாள் காலை பத்து மணிக்கு அவளே அழைத்தாள். திரையில் அவள் முகம். என்ன சொல்ல வேண்டும் என்று தினமும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எடுத்துக் காதில் வைத்தேன்.

"அப்பா" என்றாள். கோபமில்லாத குரல்.

நகப்பூச்சு வாசனை.

போன் என் கையில் இருந்தது. அழைப்பு முடிந்திருந்தது. பேசிய நேரம், முப்பது விநாடி.