கரையில் இறங்கிப் பார்க்கும் இடங்கள்

பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பியில் ஏறி நின்றபோதுதான், காலையிலிருந்து பின்னறையில் டம்ளர் தட்டும் சத்தம் கேட்கவே இல்லை என்பது திவ்யாவுக்கு உறைத்தது. கட்டிலின் இரும்புக் குழாயில் எவர்சில்வர் டம்ளரை அடித்து அடித்து, தண்ணிக்கும் மூத்திரத்துக்கும் ஈ விரட்டவும் மாமனார் அவளைக் கூப்பிடுகிற சத்தம். வருடக்கணக்காக அது அவள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கையில் போன். திரையில் நீலக்கடல். தல்லாகுளத்து டிராவல்ஸில் வேலை பார்க்கும் ஆயிஷா சித்திகா அனுப்பிய படங்கள். சென்னையில் ஏறினால் இலங்கைக்குப் போய்வரும் கப்பல் அது. திருகோணமலையில் இறங்கிக் கோயிலுக்குப் போவதா, பவளப்பாறை பார்க்கப் படகில் போவதா, அம்பாந்தோட்டையில் யானைக்காடு வேண்டுமா, கப்பலுக்குள் மசாஜும் மேல்தளத்து விருந்தும் வேண்டுமா என்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும். நாளை விடியலில் கார் வரும். ஆனையூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து திவ்யா ஓர் இரவுகூட வெளியூரில் தங்கியதில்லை. முதலில் மாமியாரின் படுக்கை, அப்புறம் மாமனாரின் படுக்கை. இந்தக் கப்பலுக்காக அழுது, பட்டினி கிடந்து கணவனைச் சம்மதிக்க வைத்திருந்தாள். கிழவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவையும் பேசி வைத்திருந்தாள்.

பின்னறைக் கதவைத் தள்ளினாள். மாமனார் மலையாண்டி மல்லாந்து கிடந்தார். கீழமாசி வீதிக் கடைகளுக்கு ஆயுசு முழுக்க மூட்டை சுமந்த உடம்பு, வற்றிப்போய்க் கட்டிலோடு ஒட்டிக் கிடந்தது. வாய் திறந்திருந்தது. உதட்டில் ஈ. நெற்றியைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

அவள் போன் போட்டதும் கப்பலூர் லேத் பட்டறையிலிருந்து கணவன் செல்வக்குமார் வந்தான். அப்பனின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். அழவில்லை. போய்க் கை கழுவிவிட்டு வந்தான்.

"யாருக்காச்சும் சொன்னியா?"

"இல்லங்க."

"சொல்லாத. சங்கு ஊதிட்டா பதினாறு நாளைக்கு வாசப்படி தாண்ட முடியாது. கப்பலு நமக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா? திரும்பி வந்தப்புறம் செத்ததாச் சொல்லிக்குவம். ஆயாவ வர வேணாம்னு சொல்லிரு. ஏசிய முழுசாக் கூட்டி வையி."

"ஒரு டாக்டரயாச்சும் கூட்டியாந்து பாத்துரலாம்ங்க."

"அவன் வந்துட்டுப் போனாத் தெருவுக்கே தெரிஞ்சிரும். எப்பத்தான் சாவாருன்னு நீதான கேட்டுக்கிட்டே இருந்த? இப்ப என்ன?"

அவள் ஏசியைக் கூட்டி வைத்தாள். கேட்டது உண்மைதான்.

செத்தவருக்குச் செய்யும் முறையை மட்டும் அவன் விடவில்லை. பழைய வேட்டியைக் கிழித்துக் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினான். தாடையை ஏற்றி மூடி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டான். இரும்போடு மல்லுக்கட்டுகிற கை. முடிச்சு தோலுக்குள் இறங்கியது. அப்புறம் சூட்கேஸ் வாங்கி வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பொழுது சாய்ந்தது. பக்கத்து வீட்டில் வெங்காயம் தாளிக்கிற வாசம் வந்தது, அதற்கு அடியில், கதவைச் சாத்தியிருந்தும், டெட்டாலும் பவுடரும் மூத்திரமும் கலந்த பின்னறை வாசம் தரையோடு தரையாக ஊர்ந்து வந்து அவள் காலைத் தொட்டது. ஏசி உறுமிக்கொண்டிருந்தது. விளக்கைப் போட எழுந்தவளை போன் உட்கார வைத்தது.

"அக்கா, திருகோணமலைல எதப் போடட்டும்? படகுன்னா நனைவீங்க. மாத்துத்துணி எடுத்துக்கங்க."

"படகே போடு ஆயிஷா."

பின்னறையில் கட்டில் கிரீச்சிட்டது. குளிரில் இரும்பு சுருங்கும். அப்படித்தான் இருக்கும்.

"மசாஜு ரெண்டு பேருக்கும் ஒரே ரூம்லயாம்க்கா. அண்ணன் வெக்கப்படுவாரோ?"

திவ்யா சிரிக்கப் பார்த்தாள். பின்னறைக்குள் ஏதோ விழுந்தது. தோளிலிருந்து மூட்டையை இறக்கிப் போட்டதுபோல. பிறகு தரையில் இழுபடும் சத்தம். நின்றது. மறுபடி இழுபட்டது.

"அக்கா, அங்க யாரோ தண்ணி கேக்குறாங்களே. பெரியவரா? குடுத்துட்டு வாங்க, நான் லைன்ல இருக்கேன்."

திவ்யா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கேட்டது. கட்டிய தாடைக்குள்ளிருந்து, பல்லிடுக்கு வழியாக.

ஆத்தா. தண்ணி.

தண்ணீர்க் குடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கதவும்தான். போனில் கடல் தெரிந்தது.

"அது டிவிம்மா," என்றாள். ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினாள். "எல்லாத்தையும் போட்டுரு. யானைக்காடு, விருந்து, எல்லாத்தையும்."

செல்வக்குமார் சூட்கேஸோடு உள்ளே நுழைந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். டிவியை அணைத்தான். அவனுக்கும் கேட்டது.

கதவைத் திறந்தான். நிலைப்படியில் கிழவர் கிடந்தார். கால்விரல் கட்டு அவிழவில்லை. தாடைக்கட்டும் அவிழவில்லை. பலகைபோல விறைத்திருந்தார். தூக்கிக் கட்டிலில் போட்டபோது எந்த மூட்டும் மடங்கவில்லை. திறந்த கண்ணில் ஈ உட்கார்ந்தது. கண் இமைக்கவில்லை.

ஆத்தா. தண்ணி.

உதடு அசையவில்லை.

திவ்யா சொம்பில் மொண்டு வந்து ஊற்றினாள். பல் கிட்டிக் கிடந்தது. முடிச்சை அவிழ்க்க நகம் இறங்கவில்லை. தண்ணீர் இரண்டு கன்னத்திலும் வழிந்து தலையணையை நனைத்தது. குரல் மறுபடி கேட்டது.

"செத்துட்டாருங்க. செத்துத்தான் கெடக்காரு."

"அப்பச் சத்தம் நிக்கணும்ல?"

தலையணையை உருவி முகத்தில் வைத்து அமுக்கினான். அவள் கிழவரின் காலைப் பிடித்துக்கொண்டாள். கால் உதறவில்லை. குரல் தேய்ந்தது. நிற்கவில்லை. முழங்காலை ஏற்றினான். நிற்கவில்லை. கையெடுத்தான். குரல் தெருவுக்கே கேட்கும்படி எழுந்தது. மறுபடி அமுக்கினான்.

மறுபடி.

விடிந்தது. வாசலில் கார் ஹாரன் அடித்தது. டிரைவர் கேட்டைத் தட்டினான்.

அவன் கையை எடுக்கவில்லை. அவள் காலை விடவில்லை. தலையணைக்கு அடியில் மூச்சே வாங்காமல், பொறுமையாக.

ஆத்தா. தண்ணி.