இடது பக்கத்து எடை

அண்ணி செத்துப்போன பிறகு அந்தக் கார் முதல் தடவையாகப் பட்டறைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். காரில் அல்ல, பின்னால் என் ஸ்கூட்டியில். அண்ணன் காரில் இன்னொருவர் உட்கார இடம் கிடையாது.

மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. பட்டறையின் இரும்பு ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதற்குக் கீழே தெரிந்த இருட்டிலிருந்து கிரீஸும் சூடான ரப்பரும் கலந்த வாடை வந்தது. அண்ணன் ஹாரன் அடிக்காமல் என்ஜினை உறுமவிட்டான். ஹாரனைத்தான் கனம் என்று போன வருஷமே கழற்றி எறிந்துவிட்டானே.

வாங்கியபோது அது தோல் இருக்கைகளும் பாட்டுப் பெட்டியும் ஏசியும் உள்ள அழகான ஸ்போர்ட்ஸ் கார். ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பொதுவாகத் திறந்துவிடுவார்கள். சொந்தக் கார் வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் போய் ஓட்டலாம். பரிசு, கோப்பை எதுவும் கிடையாது. ஒரு சுற்றை யார் சீக்கிரம் முடித்தார்கள் என்ற பேச்சு மட்டும்தான். அந்தப் பேச்சில் அண்ணன் எப்போதும் இரண்டாமவன். முதல் ஆள் ஒரு பல் டாக்டர். "வாயைத் திறங்க" என்று சொல்கிற அதே மெல்லிய குரலில், "இன்னிக்கும் கொஞ்சம் லேட்டாயிடுச்சு போல" என்பார்.

அதற்காகத்தான் அண்ணன் காரை இளைக்க வைத்துக்கொண்டே இருந்தான். பாட்டுப் பெட்டி போயிற்று. ஏசி போயிற்று. பின் இருக்கை, தரைவிரிப்பு, கடைசியில் பக்கத்து இருக்கை. மிதிகட்டைகளில்கூடத் துளை போட்டான். தரைத் தகட்டை அரம் வைத்துத் தேய்த்து மெலிதாக்கினான். நண்பர்கள் அவனுக்கு 'கிராம்' என்று பெயர் வைத்தார்கள். உள்ளே மிஞ்சியது ஓட்டுகிறவனுக்கு ஒரு இருக்கை, கார் கவிழ்ந்தால் அவன் நசுங்காமலிருக்கச் சுற்றிலும் ஒரு இரும்புக் குழாய்க் கூண்டு, இடது பக்கம் வெறும் தகடு.

வீட்டில் அவனால் இளைக்க வைக்க முடியாதது அண்ணியை மட்டும்தான். ஞாயிறு காலையில் அவளை எடைபார்க்கும் கருவியில் ஏற்றி நிறுத்துவான். "பாப்பா, இங்க வந்து பாரு. உங்க அண்ணி என் கியர் பாக்ஸ விட கனம்" என்பான். அண்ணியும் சிரிப்பாள். ராத்திரி சாப்பிட மாட்டாள். நான் தட்டை எடுத்துப்போய் எதிரில் உட்கார்ந்து, "எனக்காக, அண்ணி" என்று கேட்டால் மட்டும் சாப்பிடுவாள். நான் கேட்டு அவள் மறுத்ததே இல்லை.

அவள் செத்தது அந்தக் காரில்தான். ஒரு மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். வாடகைக் கார் வரத் தாமதமாகும் என்றார்கள். அண்ணன் அவளைத் தூக்கி இடது பக்கத்து வெறும் தகட்டில் உட்கார வைத்தான். இருக்கை இல்லை, பெல்ட் இல்லை. கூண்டுக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் போனாள். ஆஸ்பத்திரி திருப்பத்தில் அவன் பந்தயத் தடத்தில் திருப்புவதுபோலத் திருப்பினான். அவள் மண்டை அதே குழாயில் மோதி உடைந்தது.

"பிடிச்சுக்கோன்னு சொன்னேனே" என்றான் எல்லோரிடமும். அழவில்லை. குழாயைத் துடைத்து வைத்தான்.

இனி பட்டறை. அதை நடத்துகிறவள் ஒரு பெண். எல்லோருக்கும் அவள் ஸ்பேனர் அக்கா. நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு தராசுப் பலகை வைத்து, எந்த மூலையில் எவ்வளவு எடை இறங்குகிறது என்று பார்த்து, ஸ்பிரிங்குகளை ஏற்றி இறக்கிச் சமன் செய்வாள். அப்படிச் சமன் செய்த கார்தான் வளைவில் வழுக்காது. ஓட்டுகிற ஆளும் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அண்ணன் ஹெல்மெட்டோடு உட்கார்ந்தான். அக்கா பலகைகளோடு இணைத்திருந்த கணக்குப் பெட்டியின் திரையைப் பார்த்தாள்.

"தம்பி, இடது பக்கம் என்ன வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லக்கா."

"மூட்ட கீட்ட?"

"எட்டிப் பாருங்க."

எட்டிப் பார்த்தாள். வெறும் தகடு. பலகைகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். மாறவில்லை. அண்ணனை இறங்கச் சொன்னாள். அவன் எடை குறைந்தது. இடது பக்கத்துக் கனம் அப்படியே நின்றது.

"எழுபத்தெட்டு கிலோ" என்றாள் அக்கா. "ஒரு ஆள் வெயிட்டு."

அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றினான். அவன் முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு மெல்ல, உதட்டின் ஓரத்தில், சிரிப்பு வந்தது.

"பாப்பா, கேட்டியா? செத்தும் இளைக்கல."

ஷட்டருக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே காரின் தரைத் தகடு, டப்பா மூடியை விரலால் அழுத்தினால் வருமே, அப்படி ஒரு ஓசை எழுப்பியது.

டொப்.

யாரோ கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்ததுபோல.

"அண்ணா, இந்தக் காரை வித்துடு" என்றேன்.

"எதுக்கு? அவ ஜெயிச்சதா ஆயிடும்."

அன்றிலிருந்து அவன் காரை இன்னும் வெட்டினான். கதவுக்குள் இருந்த இரும்புகளை அறுத்தெடுத்தான். கண்ணாடிகளைக் கழற்றிப் பிளாஸ்டிக் மாட்டினான். வெட்டியதையெல்லாம் பட்டறை மூலையில் குவித்து, ஒவ்வொன்றையும் கையில் தூக்கிக் கனம் பார்த்தான். மறுபடி தராசில் ஏற்றினார்கள். காரின் மொத்த எடை இம்மியும் குறையவில்லை.

"நீ எடுக்க எடுக்க இது ஏறுது தம்பி" என்றாள் அக்கா.

அவன் அறுத்து எடுத்த அளவு அண்ணி எடை கூடியிருந்தாள். உயிரோடு இருந்தபோது ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிடப் பயந்தவள், இப்போது அவன் அறுத்துப் போட்டதையெல்லாம் தின்றுகொண்டிருந்தாள்.

அண்ணன் காரைச் சுற்றி நடந்தான். இடது பக்கம் குனிந்து, வெறும் காற்றைப் பார்த்துச் சொன்னான். "இருந்தப்பவும் பாரம். போயும் பாரம். எந்திரிச்சுத் தொலையேன்."

தகடு இன்னும் கொஞ்சம் கீழே குழிந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

அக்காவும் பார்த்தாள். கை துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இத பாரு தம்பி. எடைன்னா எடை. அது யாரோடதுன்னு பாக்கறது என் வேல இல்ல. இறங்க மாட்டேங்குதுன்னா, அது இருக்கறதா வச்சே நான் செட் பண்ணித் தரேன். ரெண்டு பேருக்கான வண்டியா."

"ஓடுமா?"

"ஓடும். அது அங்கயே உக்காந்திருக்கிற வரைக்கும் நல்லாவே ஓடும்."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். "சரி, உக்காரு. பேலன்ஸுக்காவது ஆகு" என்று அந்தப் பக்கத்துக் குழாயைத் தட்டினான். அக்கா ஸ்பிரிங்குகளைத் திருகினாள். திரையில் நாலு மூலையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின.

அடுத்த ஞாயிறு காலை தடத்துக்குப் போனோம். நல்ல வெளிச்சம். தார் இன்னும் சூடாகவில்லை. எனக்கு மைக் வைத்த ஒரு ஹெட்ஃபோன் தந்திருந்தான். ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் நான் அதில் அவனுக்குச் சொல்ல வேண்டும். அவன் பேசுவதும் எனக்குக் கேட்கும்.

பல் டாக்டர் கை குலுக்க வந்தார். "என்ன கிராம், இன்னிக்கு ஆளே மெலிஞ்சு போயிட்டீங்க?"

"நான் மெலிஞ்சுதான் போனேன் டாக்டர். வண்டி மெலியல. இன்னிக்கு சம்சாரமும் கூட வரா."

டாக்டர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நகர்ந்துபோனார்.

கார் பறந்தது. வளைவுகளில் தரையோடு ஒட்டிக்கொண்டு போனது. இரண்டாவது சுற்றிலேயே டாக்டரின் நேரத்தை எட்டிவிட்டான். அடுத்த சுற்றில் தாண்டிவிட்டான். நான் நேரத்தைச் சொன்னேன். அவன் கத்தவில்லை. திருப்தியாக மூச்சு விட்டான்.

"போதும் அண்ணா. ஜெயிச்சாச்சு. உள்ள வந்துடு."

"இன்னும் ஒரு ரவுண்டு. உங்க அண்ணி வாழ்க்கைல இன்னிக்குத்தான் உருப்படியா ஒரு வேல செய்யறா."

அடுத்து அவன் பேசியது என்னிடம் இல்லை.

"என்ன, பயமா இருக்கா?" என்றான் யாரிடமோ. "பிடிச்சுக்கோ. அன்னிக்கும் சொன்னேன்ல, பிடிச்சுக்கோ."

அப்போதுதான் எனக்கு அது கேட்டது.

ஹெட்ஃபோனில் இரண்டு மூச்சு.

ஒன்று அண்ணனுடையது. இன்னொன்று பல்லைக் கடித்துக்கொண்டு, வயிற்று வலியைப் பொறுத்துக்கொண்டு விடுகிற மூச்சு. அண்ணி சுருண்டு விழுந்த மத்தியானம் வாசற்படியில் நான் கேட்ட அதே மூச்சு.

"தள்ளி உக்காரு" என்றான் அண்ணன்.

கார் எதிர்ப்பக்க நேர்ச்சாலையில் புள்ளியாகத் தெரிந்தது. அதன் முனையில்தான் தடத்திலேயே வேகமான வளைவு. அதையடுத்துச் சுவர்.

"ஏய். கையை எடு."

அவன் குரலில் சிரிப்பு இல்லை.

"கையை எடுடீ. ஸ்டியரிங்க விடு."

என்னைச் சுற்றி ஆட்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. அப்பா அம்மா இல்லாத எனக்கு இருந்தது அந்த ஒரு அண்ணன்தான். எப்படிப்பட்டவனானாலும் அவன் ஒருத்தன்தான். நான் மைக்கை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, தட்டோடு எதிரில் உட்கார்ந்து கேட்பேனே, அந்தக் குரலில் கேட்டேன்.

"அண்ணி. நான்தான். அவனை விட்டுடுங்க."

மூச்சு நின்று கவனித்தது.

"இறங்கிடுங்க அண்ணி. என்கூட வந்துடுங்க. எனக்காக."

கொஞ்ச நேரம் என்ஜின் இரைச்சல் மட்டும். பிறகு, மிகத் தெளிவாக,

டொப்.

குழிந்திருந்த தகடு நிமிர்கிற ஓசை.

"போயிட்டா" என்றான் அண்ணன். அவ்வளவு நிம்மதியாக அவன் பேசி நான் கேட்டதில்லை. "பாப்பா, அவ இறங்கி..."

வளைவில் காரின் வால் வெட்டிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தார்கள். தூக்கி எறிந்த தட்டுபோலச் சுற்றிக்கொண்டே போய்ச் சுவரில் அடித்தது. ஓசை எனக்கு இரண்டு முறை கேட்டது. ஹெட்ஃபோனில் முதலில், காற்றில் பிறகு.

கதவில் தடுக்க இரும்பு எதுவும் இருக்கவில்லை. அவன்தானே அறுத்து எடுத்திருந்தான்.

காரை இழுத்து வந்து போட்ட இடத்தில் ஸ்பேனர் அக்கா குந்தி உட்கார்ந்து சக்கரங்களைப் பார்த்தாள். ஸ்பிரிங்குகள் ஒன்றும் உடையவில்லை. அவள் திருகி வைத்த இடத்திலேயே இருந்தன.

"ரெண்டு பேருக்கு செட் பண்ண வண்டி" என்றாள், என்னைப் பார்க்காமல். "பாதி வழியில ஒருத்தர் இறங்கினா இப்படித்தான். எவன் இறங்கச் சொன்னான்?"

இறங்கச் சொன்னவள் நான்தான் என்று அக்காவிடம் எப்படிச் சொல்வது? அண்ணனை விட்டுவிடச் சொன்னேன். அண்ணி விட்டுவிட்டாள். நான் கேட்டு அவள் மறுத்ததே இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு வீடு அமைதியாக இருந்தது. எந்த ஓசையும் இல்லை, வாடையும் இல்லை. எனக்குத்தான் எதற்கெடுத்தாலும் மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏறினால் தொடை கடுத்தது. காலையில் எழுந்தால், ராத்திரி முழுக்க யாரையோ சுமந்ததுபோலத் தோள் இரண்டும் வலித்தன. துக்கம்தான், வேறென்ன, என்றார்கள் பக்கத்து வீட்டில். அவர்கள் சொல்லித்தான் தெருமுனையிலிருந்த சிறிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

காலை நேரம். வெளியே நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. நர்ஸ் சீட்டில் என் வயதைக் குறித்துக்கொண்டு, பேனாவால் மூலையைக் காட்டினாள். பழைய மாதிரி எடை இயந்திரம், வட்ட முகமும் முள்ளும் உள்ளது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். முள் சுழன்று போய் நின்றது.

நர்ஸ் முள்ளை மட்டும் எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஏறினா எப்படிம்மா? ஒவ்வொருத்தரா ஏறுங்க."

நான் இறங்கினேன்.

முள் பாதிதான் இறங்கியது.